ஜூன் மாதத்து ஐயாயிரம் ரூபாய்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகிப் பத்து நாட்கள் கழிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்கோவிலூருக்கு அருகே கரும்பு வயல்களை ஒட்டியிருந்த ஒரு வீட்டின் திண்ணையில் நானும் என் நண்பர் ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுப் பெண் உள்ளே போய், ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை எடுத்து வந்தாள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டையின் நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவள், கடைசியாக நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். அதன் முதல் பக்கத்தில், கோவையில் பொறியியல் படிக்கப் போனால் ஆகும் செலவை வரிவரியாக எழுதி வைத்திருந்தாள். பக்கத்து ஊரிலிருந்து அங்கே படிக்கப் போன ஓர் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டு எழுதியதாம்.

‘கல்விக் கட்டணம்’ என்ற வரிக்கு நேராகப் பூஜ்யம் போட்டிருந்தாள். அவள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தாள். அதற்குக் கீழே விடுதி முன்பணம், உணவுக்கு முன்பணம், பேருந்துக் கட்டணம் இருவருக்கு, வரைபடப் பலகையும் கருவிகளும், ஆய்வகத்துக்கான மேலங்கி, பாய், பக்கெட், பூட்டு. பூட்டுக்கு நேராக 120 ரூபாய் என்று எழுதியிருந்தது. மொத்தம் 14,600. பக்கத்தின் அடியில், வேறு நிற மையில், ‘அம்மாவிடம் உள்ளது 3,200’.

அவளுடைய தாய் கரும்பு வெட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். எங்களிடம் அவர் சொன்ன வார்த்தைகளை நான் இன்றுவரை மறக்கவில்லை: “அவ படிக்கட்டும் சார். காச எப்படியாச்சும் பொரட்டிடுவேன். ஆனா என்னைக்குன்னு மட்டும் கேக்காதீங்க.”

அந்த ‘என்னைக்கு’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். ஏழைக் குடும்பத்து மாணவர்களின் படிப்புக்கு உதவ வேண்டும் என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் எவ்வளவு கொடுப்பது என்பதை யோசிக்கிறார்கள். எப்போது கொடுப்பது என்பதை அந்த அளவுக்கு யோசிப்பதில்லை. நாங்களும் பல ஆண்டுகள் யோசிக்காமல்தான் இருந்தோம்.

நாங்கள் என்று நான் சொல்வது, 1994-ஆம் ஆண்டில் ஒரே அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஏழு பேர். ஒருவர் ஆசிரியர், ஒருவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார், இருவர் வெளியூரில் தனியார் வேலையில் இருக்கிறார்கள், நான் கூட்டுறவுத் துறையில் எழுத்தர். எங்களுக்குப் பெயரோ பதிவு எண்ணோ இல்லை. 2014-இலிருந்து ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு பொதுக் கணக்கில் போட்டு வருகிறோம். வசதி வந்தவர்கள் கூடுதலாகப் போடுகிறார்கள். ஆண்டுக்கு நான்கைந்து மாணவர்களுக்கு மேல் எங்களால் இயலாது. நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010-இல் ‘விதை’ திட்டத்தின் வழியாக மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பத் தொடங்கியபோது, அதன் தன்னார்வலர்கள் விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறார்கள் என்று அறிந்தோம். அந்த வழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். வீட்டைப் பார்க்காமல் ஒருவருடைய வறுமையைப் பற்றியும் உறுதியைப் பற்றியும் முடிவெடுப்பது தவறு என்பது என் திடமான எண்ணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசு செய்திருப்பது மிகப் பெரிது. படிப்பு என்பது கட்டணம் மட்டும் அல்ல, பசியும் தூரமும் சேர்ந்ததுதான் என்பதை இந்த மண் மிகவும் முன்னதாகவே புரிந்துகொண்டது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவும் அந்தப் புரிதலின் தொடர்ச்சிதான். கல்லூரிக்கு வந்தால், 2010-இலிருந்து முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அரசுக் கலைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய்தான்; பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இரண்டே ரூபாய். இவை இல்லாமல் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு மாணவரைக்கூடப் படிக்க வைத்திருக்க முடியாது.

ஆனால், இந்தத் தொகைகளில் பெரும்பாலானவை மாணவர் கல்லூரியில் சேர்ந்த பிறகே வரத் தொடங்குகின்றன. சேர்ந்து, அடையாள எண் பெற்று, விண்ணப்பித்து, சரிபார்க்கப்பட்டு, வங்கிக் கணக்கில் விழுவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. எங்கள் மாணவர்கள் சிலருக்கு முதலாண்டுக் கல்வி உதவித்தொகை இரண்டாம் பருவத் தேர்வு நெருங்கும்போதுதான் வந்தது. இடம் ஒதுக்கீடு கிடைத்த பிறகு கல்லூரியில் சேர்ந்தாக வேண்டிய கெடுவோ சில நாட்கள்தான். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான அந்த இடைவெளியை நிரப்ப, வசதியுள்ள வீட்டில் தந்தையின் சம்பளம் இருக்கும், தாயின் நகை இருக்கும், கேட்டால் கொடுக்கும் மாமா இருப்பார். இந்த வீடுகளில் இருப்பது வட்டிக்கு விடுபவரின் தொலைபேசி எண் மட்டுமே. வாரத் தவணைக்கு வாங்கிய பத்தாயிரத்துக்கு மகன் மூன்றாமாண்டு வரும்வரை தவணை கட்டிக்கொண்டிருந்த ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும்.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் அல்ல. 2024-இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் ஒதுக்கப்பட்டது. சேர்க்கைக்குக் கட்ட வேண்டிய 17,500 ரூபாயைக் குடும்பம் கெடு முடிகிற நேரம் வரை அலைந்து திரட்டியது. ஆனால் இணையத்தில் பணம் செலுத்தி முடிப்பதற்குள் நேரம் கடந்து, இடம் கைநழுவியது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால், அந்த மாணவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, பிறகு உச்ச நீதிமன்றம் போனார். 2024 செப்டம்பர் 30 அன்று, அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒரு நாள் முன்னதாகக் கையில் இருந்திருந்தால், அந்தப் பையன் நாட்டின் தலைமை நீதிபதி வரை போயிருக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு முன்நிகழ்வு உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அந்த நவம்பரில் நடந்த கலந்தாய்வில், தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் கட்டணத்தை நினைத்து அதை விட்டுவிட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் செய்திகள் வெளியான பிறகே கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. நல்ல திட்டம்தான், நல்ல அறிவிப்புதான்; ஆனாலும் கலந்தாய்வு அரங்கில் நின்று, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்த அந்த நிமிடத்தை ஒரு பிள்ளையின் மனத்திலிருந்து யார் எடுப்பது?

பணத்துக்கு அடுத்த சிக்கல் காகிதம். வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக நகர வேண்டும். எங்காவது ஒரு படியில் நின்றுவிட்டால் நேரில் போய்க் கேட்க வேண்டும். ஒரு முறை போவதென்றால் ஒருநாள் கூலி போயிற்று. ஒரு மாணவனின் ஆதார் அட்டையில் தந்தையின் பெயர் முழுதாக இருந்தது, பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தது, வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாக்க, ஆதாரில் பதிந்த செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) தேவைப்பட்டது. அது போய்ச் சேர்ந்த செல்பேசி எண்ணை அவர்கள் கட்டணம் போட முடியாமல் கைவிட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆதாரோடு இணைக்கப்படாத கணக்குக்கு உதவித்தொகை வராது. அந்தப் பையனுக்கு நாங்கள் கொடுத்த பணத்தைவிட, எங்கள் மருந்துக் கடை நண்பர் தம் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு நான்கு முறை அவனோடு ஆதார் மையத்துக்கும் வங்கிக்கும் அலைந்ததுதான் பெரிய உதவி.

காகிதத்தைப் பற்றிப் பேசும்போது மூலச் சான்றிதழ்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. மே மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இடைத்தரகர்கள் வருவார்கள். வெளி மாநிலத்தில் நர்சிங் படிப்பு, கட்டணம் இல்லை, விடுதி இலவசம் என்று சொல்லி மூலச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு மாணவி அப்படிப் போய், முதல் மாதத்திலேயே கேட்ட தொகையைக் கட்ட முடியாமல் திரும்பி வந்தாள். சான்றிதழ்கள் திரும்பி வரவில்லை. கல்வி நிறுவனங்கள் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு கடிதங்கள் எழுதி, ஆள் பிடித்து, அவற்றை மீட்க எட்டு மாதங்கள் ஆயின. ஓர் ஆண்டு வீணாயிற்று. அந்தப் பெண் அடுத்த ஆண்டு அரசுக் கல்லூரியில் வேதியியலில் சேர்ந்தாள் என்பது ஆறுதல்.

யாருக்கு உதவுவது என்பதில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் இங்கே எழுத வேண்டும். 2017-இல் ஒரு மாணவனின் விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டோம். அப்போது மொத்த மதிப்பெண் 1200. அவன் எடுத்திருந்தது 741. ஆயிரத்தைத் தாண்டிய பிள்ளைகள் காத்திருக்கும்போது இவனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, வீட்டைக்கூடப் பார்க்காமல் முடிவெடுத்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஓர் இரவு நெடுஞ்சாலையோரப் பரோட்டாக் கடையில் நாங்கள் மூவர் சாப்பிட உட்கார்ந்தபோது, கல்லின் முன் நின்றிருந்த இளைஞன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இலையைப் போட்டுவிட்டு மெல்லக் கேட்டான்: “சார், அந்த ஃபாரம் குடுத்திருந்தனே... லெட்டர் வரும்னு பாத்துக்கினே இருந்தேன்.”

பதினோராம் வகுப்பிலிருந்தே அவன் மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை அந்தக் கடையில் மாவு பிசைந்திருக்கிறான். தந்தை இல்லை, தங்கை பள்ளியில். இரவு ஒரு மணிக்குப் படுத்து, காலையில் பள்ளிக்குப் போய் எடுத்த 741 அது. நாங்கள் மறுப்புக் கடிதம்கூட அனுப்பியிருக்கவில்லை. அன்று இரவு எங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவனிடம் பேசி, அந்த ஆண்டே அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் சேர்த்தோம். கட்டணம் கிடையாது, மாதந்தோறும் அரசின் உதவித்தொகையும் உண்டு. அவன் இரவு வேலையை விட்டால் வீட்டில் குறையும் பணத்தை மட்டும் நாங்கள் ஈடு செய்தோம். இப்போது அவன் கையில் தொழில் இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளை நாங்கள்தான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. அதன் பிறகு, வந்த எல்லா விண்ணப்பங்களுக்கும் வீட்டுக்குப் போகிறோம். உதவ முடியாதவர்களிடம் நேரில் சொல்லி, வேறு என்ன வழி இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

மதிப்பெண்ணைவிட நாங்கள் இப்போது கவனிப்பது, அந்தப் பிள்ளை தன் படிப்புக்காகத் தானே என்ன செய்து பார்த்திருக்கிறது என்பதைத்தான். யாரிடமாவது போய்க் கேட்டிருக்கிறதா, தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறதா, ஒரு படிப்பில் சேர்ந்தால் என்னென்ன தேவை என்று விசாரித்திருக்கிறதா? நோட்டில் பூட்டின் விலைவரை எழுதி வைத்திருந்த அந்தப் பெண்ணிடம் நாங்கள் வேறு கேள்வி எதையும் கேட்கத் தேவைப்படவில்லை.

கல்லூரியில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த காலமும் உண்டு. முதல் பருவத் தேர்வு முடிவு வந்த ஒரு மாலையில், பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் அழைத்தான். மூன்று பாடங்களில் அரியர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்கையும் இயற்பியலையும் நன்றாகப் படித்தவன், வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடும் பாடத்தைப் பின்தொடர முடியாமல், கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு, பின் வரிசைக்குப் போய்விட்டிருந்தான். “நான் வந்துடறேண்ணா, உங்க காசையும் வீணாக்க வேணாம்” என்றான். அவனை உடைத்திருந்தது தேர்வு முடிவைவிட, எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற நினைப்புதான் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்தது. அவனுக்கு அப்போது பணம் தேவைப்படவில்லை. அதே ஊரில் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஞாயிறுதோறும் அவன் விடுதிக்குப் போய், பாடநூலை வரிவரியாகத் தமிழில் விளக்கிச் சொன்னார். நான்காம் பருவத்துக்குள் மூன்று அரியரும் தீர்ந்தன.

அதனால்தான், பணம் பெற்ற மாணவர்களை மேடையில் ஏற்றிக் காசோலையோடு படம் எடுப்பதை நாங்கள் ஒரு நாளும் செய்வதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் சுற்றி வந்தால், பதினெட்டு வயதுப் பிள்ளை அதன் பிறகு அந்த வகுப்பில் எப்படி உட்காரும்? பணம் மாணவரின் கணக்குக்கே போகிறது, கணக்குக் கேட்பதில்லை. பெரும்பாலானவர்கள் கேட்காமலே எழுதி அனுப்புகிறார்கள்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு எங்கள் ஆண்டுக் காலண்டரை மாற்றிக்கொண்டோம். முன்பு ஜூலையில் விண்ணப்பம் வாங்கி, ஆகஸ்டு 15 அன்று பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொடுப்பவர்களுக்கு அந்த நாள் வசதியாக இருந்தது, வாங்குபவர்களுக்குத் தாமதமாக இருந்தது. இப்போது பிப்ரவரியிலேயே இரண்டு பள்ளிகளுக்குப் போகிறோம். யாருக்கு எந்தச் சான்றிதழ் இல்லை, யாருடைய வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையவில்லை, யாருடைய ஆதாரில் பழைய செல்பேசி எண் இருக்கிறது என்பதைத் தேர்வுக்கு முன்பே குறித்துக்கொண்டு, தேர்வு முடிந்த மறுவாரம் அலைந்து சரிசெய்கிறோம். முதல் ஐயாயிரம் ரூபாயை, இடம் கிடைக்கும் முன்பே, ஜூன் முதல் வாரத்தில் கொடுத்துவிடுகிறோம். இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எங்களில் ஒருவர் முதலில் தயங்கினார். இதுவரை இரண்டே முறைதான் அப்படி நேர்ந்தது. இருவரும் வேறு படிப்பில் சேர்ந்தார்கள், பணம் அதற்கே போயிற்று.

கோவைக்குப் போன பெண் இப்போது மூன்றாமாண்டு முடிக்கப் போகிறாள். சென்ற மாதம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கும் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பழைய பட்டியலைத் திருத்திப் புதிதாக எழுதியிருந்தாள். வரைபடக் கருவிகளை அடித்துவிட்டு, ‘என்னிடம் இருக்கிறது, தருகிறேன்’ என்று எழுதியிருந்தாள். பூட்டின் விலை 150 ஆகியிருந்தது. பொருள், தொகை என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில், முன்பு இல்லாத மூன்றாவது கட்டம் ஒன்றை அளவுகோல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்திருந்தாள். அதன் தலைப்பு: ‘எந்தத் தேதிக்குள்’.